கிணறு கெட்ட ஊரில் சமூகப்பணி ஆய்வு

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இறுதியாண்டு மாணவி நான். வாணியம்பாடி பக்கம் டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீரால் கிணறுகள் கெட்டுப்போன ஒரு கிராமத்தில் ஆய்வு செய்ய ஆசை. ‘அது சுற்றுச்சூழல் அறிவியல், நம் துறை இல்லை’ என்கிறார் கைடு. என்ன செய்யலாம்?

பதில்: தண்ணீரில், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் எவ்வளவு என்று அளக்கப் போனால் கைடு சொல்வது சரிதான். கிணறு கெட்ட பிறகு குடிதண்ணீருக்கு யார் நடக்கிறார்கள், கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு போகிறது, பயிரை விட்டவர் எங்கே கூலிக்குப் போனார் என்று கேட்டால், அது முழுக்கச் சமூகப்பணிதான்.

தலைப்பை இழப்பீட்டின் மேல் வையுங்கள் என்பேன். டேனரி மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டை நிர்ணயிக்க ஓர் ஆணையமும் வந்தது. அப்படியும் 2025 ஜனவரி 30 அன்று, இன்னும் கொடுக்காத தொகையை ஆறு வாரத்துக்குள் கொடுக்கும்படி அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள்! அவ்வளவு காலமும் ஒரு குடும்பம் எப்படிச் சமாளித்தது? பட்டா வைத்திருந்தவருக்காவது காட்ட ஒரு காகிதம் உண்டு. அதே வயலில் களை எடுத்த பெண்ணுக்குக் கூலி போனதே, அதற்கு என்ன சான்று? கைடிடம் இந்தக் கேள்வியோடு போங்கள்.

தண்ணீர்த் தரத்துக்கு ஒரு பத்தி போதும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. உள்ளூர் அளவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

அப்புறம், நான் ரொம்பக் கவலைப்படுவது களத்தைப் பற்றித்தான். கிணற்றைக் கெடுத்த டேனரியிலேயே அந்த வீட்டுப் பிள்ளை வேலை பார்க்கலாம். நீங்கள் எழுதும் ஒரு வரியால் அவர் வேலை போய்விடக் கூடாது. அதனால் ஆள் பெயர் மட்டுமல்ல, ஊர்ப் பெயரும் ஆய்வேட்டில் வேண்டாம். தெருவில் நாலு பேர் முன்னால் பேட்டி எடுக்காதீர்கள். தோல் நோய் பற்றிக் கேட்கும்போது இன்னும் கவனம்: கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் அது வெளியே போகக்கூடாத பேச்சு.

‘பணம் வாங்கித் தருவீங்களாம்மா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரியைத் தமிழில் அச்சடித்து எடுத்துப் போய், கேட்பவர் கையில் கொடுங்கள்.