பட்டச் சான்றிதழில் ஒரு வரி

வணக்கம். வீடு மாற்றும்போது என் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழ் கையில் கிடைத்தது. அதிலுள்ள முத்திரையை இத்தனை வருடத்தில் நான் உற்றுப் பார்த்ததே இல்லை. அந்தப் புலி சோழர் புலிதானே? கீழே இருக்கும் லத்தீன் வரிக்கு என்ன பொருள்? எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்.

ஒரு வாசகர், வேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

சோழர் செப்பேட்டு முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கும். கூடவே பாண்டியரின் இரட்டைக் கயல், சேரரின் வில், மேலே குடை, சாமரம். உங்கள் சான்றிதழிலோ பச்சை மேட்டின்மேல் நடக்கிற புலி. மேலே கறுப்புப் பட்டை, அதன் நடுவில் பொன் கட்டத்தில் தாமரை, இருபுறமும் யானைத் தலைகள். இது ஐரோப்பியக் கேடயச் சின்ன மரபு. அங்கே படத்தை விவரிக்கும் சொற்களே மூலம். வரைபவர் கைக்கேற்ப வால் வளைவது மாறலாம். கயலும் வில்லும் இல்லாத இதைச் சோழப் புலி என்று நான் சொல்லமாட்டேன்.

என் மனம் நிற்பது அந்த வரியில்தான். 'டாக்ட்ரினா விம் ப்ரொமோவெட் இன்சிட்டம்'. உள்ளே ஊன்றியிருக்கும் வலுவைக் கல்வி வளர்த்தெடுக்கிறது என்று பொருள். ரோமானியக் கவி ஹொரேஸின் வரி. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மனைவிக்கு முதல் கணவர் வழியாகப் பிறந்த மகன் ட்ரூசஸின் போர் வெற்றியைப் பாடும்போது எழுதியது. வீரருக்கு வீரரே பிறப்பர், கழுகு புறாவைப் பெறாது என்று குலப்பெருமை பேசிவிட்டு, 'ஆனால்' என்று திரும்பி இதைச் சொல்கிறார். அதாவது, பாட்டில் அந்த வலு குலத்தின் சொத்து. கல்வி அதை மெருகேற்றுகிறது, அவ்வளவே.

பல்கலைக்கழக முத்திரையில் 'செட்' என்கிற அந்த 'ஆனால்' இல்லை. ஒரு சிறு சொல்தான். அது போனதும் கழுகும் புறாவும் வீரப் பரம்பரையும் சேர்ந்தே போய்விட்டன. யாருக்குள்ளும் இருக்கக்கூடிய வலு என்று வரி விரிந்துவிட்டது. நம் மணற்கேணிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. விட்டவர்கள் இதை நினைத்தே விட்டார்களா என்பது எனக்குப் பெரிதில்லை. முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர் கையில் அது இப்படித்தான் பொருள்படும்.

1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. பட்டமளிப்பு நாளில் இந்த வரியின் பொருளை மேடையில் தமிழில் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். சான்றிதழின் பின்னால் ஒரு தாள் வைத்து, பொருளை எழுதி, வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.