நம் வாழும் பண்பாட்டு மரபுகளைக் காக்க அரசு எடுக்கும் முயற்சிகளால் உண்மையில் பயன் உண்டா?

ஊட்டியில் இருபது வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன். கோடை விழா, குடியரசு தினம், பொங்கல் விழா என்று அரசு மேடைகள் பலவற்றில் எங்கள் பாக்ஸ்தான் நிற்கும். அதனால் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். பயன் உண்டு. ஆனால் அரசு பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் அது குறைவு, யாரும் பேசாத சில சின்ன உத்தரவுகளில் அதிகம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத நிகழ்ச்சி. எங்கள் நீலகிரி மலைப் பழங்குடிகளான கோத்தர்களின் குழு ஒன்று வந்திருந்தது. அவர்கள் ஊதும் 'கொல்' நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும். கூடவே தோல் வாத்தியங்கள். ஊரில் வாத்தியக்காரர்கள் நடுவில் நிற்க, சுற்றி வட்டமாக ஆடுவார்கள். மேடையில் அப்படி ஆடினால் பாதிப் பேர் ஜனங்களுக்கு முதுகு காட்ட வேண்டிவரும் என்று வட்டத்தைப் பிரித்து அரைவட்டமாக்கினார்கள். வாத்தியங்கள் ஓரத்துக்குப் போயின. எனக்கு வேலை சுலபம், மைக் ஸ்டாண்டை யாரும் தட்டிவிட மாட்டார்கள். ஆனால் ஆடுகிறவர்கள் திரும்பித் திரும்பி வாத்தியம் எங்கே என்று பார்த்துக்கொண்டே ஆடினார்கள்.

அதற்கு முன் கீழே நடந்த பேச்சுதான் இன்னும் மறக்கவில்லை. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கையில் தாளோடு வந்தார். "ஐயா, எட்டு நிமிஷம்தான். சாவுக்கு ஊதுவீங்களாமே, ரொம்ப உருக்கமா இருக்குமாமே, அதைக் கடைசியில் ஒரு நிமிஷம் சேர்த்துக்குங்க."

"சார், அது சாவுக்கு ஊதறது."

"ஆமாம், அதைத்தான் கேட்கிறேன்."

குழுவின் பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்க யாரும் சாகலையே" என்றார்.

நான் சிரிப்பை அடக்க கேபிள் சுற்றப் போய்விட்டேன். ஆனால் பெரியவர் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. கோத்தர் இசையில் தெய்வத்துக்கு ஊதுவது, ஆட்டத்துக்கு ஊதுவது, சாவுக்கு ஊதுவது என்று தனித்தனியாக உண்டு. இடம் மாற்றி ஊத மாட்டார்கள். தெய்வத்துக்கு உரியது அவர்களுடைய ஏழு ஊர்களில், குளிர்காலத்துப் பண்டிகையில். சாவுக்கு உரியது சாவு வீட்டில். மேடைக்கு வருவது ஆட்ட மெட்டு மட்டும்தான். மேடை ஏற்றிக் காப்பாற்றுகிறோம் என்றால் மூன்றில் ஒன்றைக் காப்பாற்றுகிறோம் என்று அர்த்தம்.

அரசு தரப்பில் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. தொட்டுப் பார்க்க முடியாத மரபுகளைக் காக்க யுனெஸ்கோ 2003இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, இந்தியா 2005இல் அதில் சேர்ந்தது. தில்லியில் சங்கீத நாடக அகாடமி இதைக் கவனிக்கிறது. நம் பகுதிக்குத் தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. கூடியாட்டம், வேதம் ஓதுதல், ராம்லீலா, கொல்கத்தாவின் துர்கா பூஜை, குஜராத்தின் கர்பா எல்லாம் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. நீலகிரியிலிருந்து எந்தப் பாட்டும் ஆட்டமும் இல்லை. எங்கள் மலை ரயில் மட்டும் 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது, அது வேறு பட்டியல். ரயிலைப் பற்றி எனக்குக் குறை இல்லை. பல்சக்கரம் தேய்ந்தால் வேறு செய்து மாட்டலாம். கொல் ஊதுகிறவர் போய்விட்டால் என்ன மாட்டுவது?

இந்த விஷயத்தில் ஜப்பான்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1950இலேயே சட்டம் போட்டார்கள். வாழும் தேசியப் பொக்கிஷம் என்று ஊரார் சொல்லும் கலைஞர்களுக்கு வருடம் 20 லட்சம் யென் தருகிறார்கள், அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க. பணம் ஆளுக்குப் போகிறது. நம் மேடைக்காரருக்கு எட்டு நிமிஷத்துக்குக் காசு. ஒத்திகைக்கும் பேரனுக்குச் சொல்லித்தருவதற்கும் அவர் சொந்த நேரம்தான்.

எங்கள் மலையின் இன்னொரு பழங்குடியான தோடர்களின் பூவேலைக்கு 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு நல்ல காரியம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணிப் போடுகிற வேலை. அந்தப் பெண்கள் பேசிக்கொண்டே போடுவதைப் பார்த்தால் கண் துணியில் இருக்கவே இருக்காது. ஆனால் குறியீட்டில் ஒரு சங்கதி உண்டு: பெயர் பதிவானால் மட்டும் போதாது, செய்கிறவர்களும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகப் பதிய வேண்டும், பதிவைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போலியைத் தடுப்பது அதற்கு மேல் தனி வேலை. நீங்கள் வந்தால் சால்வையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பின்பக்கம் பாபின் நூல் ஓடியிருந்தால் மெஷின்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தாவரவியல் பூங்காவில் மேடை போடும்போது தலைக்கு மேலே மேட்டில் ஒரு மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, இருக்கும். கீழே நாங்கள் 'டெஸ்டிங், டெஸ்டிங்' என்று கத்திக்கொண்டிருப்போம். தோடர் கோயில் என்பது ஒரு பால்மனையும்கூட. எருமைப் பாலைப் பூசாரி அங்கே முறைப்படி கடைவார். அவர்கள் பாட்டில் எருமைக்குப் பெயர் வரும், மந்துக்குப் பெயர் வரும், மலைக்குப் பெயர் வரும். கோயில் கூரைக்குச் சதுப்பில் வளரும் ஒருவகைப் புல் வேண்டும், பிரம்பும் மூங்கிலும் வேண்டும். இந்தப் புல்வெளி முழுக்க ஒரு காலத்தில் சீகை எனும் வாட்டில் மரமும் கற்பூர மரமும் நட்டது யார்? வெள்ளைக்காரன் தொடங்கினான், சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசும் ஏக்கர் கணக்கில் நட்டது. அணைகளுக்கும் புல்வெளி போனது. சதுப்பு வற்றினால் கூரைப் புல் இல்லை, மேய்ச்சல் போனால் எருமை இல்லை, எருமை இல்லாமல் பாட்டில் யாருடைய பெயரைச் சொல்வது? ஒரு துறை மரம் நட்டது, இன்னொரு துறை அதே மக்களை அழைத்து மேடையில் ஆடச் சொல்லிச் சால்வை போடுகிறது.

இப்போது சீகையை அப்புறப்படுத்திப் புல்வெளியை மீட்கும் வேலை அங்கங்கே நடக்கிறது. கலாச்சாரத்துக்குச் செய்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கலாச்சாரத் திட்டம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அப்படித்தான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு வாழிட உரிமை என்று அந்தச் சட்டத்தில் தனியாகவே ஒரு பிரிவு உண்டு. அதை முழுதாக நடைமுறைப்படுத்தினாலே கோயிலுக்குப் புல் அறுக்கப் போகிறவர் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

யாரும் பேசாத சின்ன உத்தரவு என்றேனே, அது உள்ளூர் விடுமுறை. இங்குள்ள மலைச் சமூகமான படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மாவட்ட ஆட்சியர் ஒருநாள் விடுமுறை விடுவார், பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலைநாள். ஒரு பக்க உத்தரவு, செலவென்று ஒன்றும் கிடையாது. அன்று கோத்தகிரிப் பக்கம் பேரகணிக்குப் போய்ப் பாருங்கள், வெள்ளை உடுத்தி ஊர் ஊராக வந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளைகளும் அங்கேதான். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, எந்தச் சத்தத்துக்கு எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கற்றுக்கொள்வதை எந்தப் பயிற்சி முகாமிலும் நான் பார்த்ததில்லை. பயிற்சி முகாம்களுக்கும் நான்தான் மைக் கட்டுகிறேன்.

எங்கள் கடைப் பையன் ஒருவன் படுகன். மற்ற நாளில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்குவான். பண்டிகையன்று ஃபோனை எடுக்கவே மாட்டான்.