கணக்குக் கேட்டதும் வெள்ளத்தைச் சொன்னதும்

கேள்வி: அம்மா, எனக்கு வயது 26. விசுவமடுவில் வயல் செய்கிறேன். சபையில் வாலிபர் சங்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நத்தாருக்கு வீடு வீடாகக் கரோல் பாடிச் சேர்ந்த காசில், யாரையும் கேட்காமல் ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். சபைக்குத்தானே வாங்கினேன்! போன மாதம் ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் எல்லாருக்கும் முன்னால், "கரோல் காசுக்குக் கணக்கு எங்கே? பாட்டுப் பாடத் தெரிஞ்சாப் போதுமோ?" என்று கேட்டார். அதோடு விடவில்லை. "உன்ர வயல் வெள்ளத்தில போனதும் கர்த்தர் உன்னைச் சிட்சிக்கிறதுதான்" என்றார். அன்றிலிருந்து நான் ஆராதனைக்குப் போகவில்லை. இதையும் தேவன் என்னைத் திருத்தத் தருகிற சிட்சை என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமா?
– வாசகர் ஒருவர், விசுவமடு

பதில்: தம்பி, மூப்பர் உம்மிடம் இரண்டு காரியம் சொல்லியிருக்கிறார். ஒன்று கணக்கு, மற்றது வெள்ளம். அவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், நீரும் இரண்டையும் ஒரே கோபத்தில் தள்ளிவிட்டீர். பிரித்துப் பார்ப்போம்.

வெள்ளத்தை முதலில் எடுக்கிறேன். இந்த மாதிரிப் பேச்சு வன்னிச் சனத்தை ஏற்கெனவே நிறைய நோகடித்திருக்கிறது. 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எங்களுக்குப் பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் ஒரு தாய் இருந்தா. முள்ளிவாய்க்காலில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு வந்தவ. ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சிக்கிறார்" என்று வசனம் சொன்னார். அந்தத் தாய் ஒன்றும் கதைக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கிற இடத்துக்குப் போய்விட்டா. அந்த நேரத்தில் அங்கே தண்ணீர் வருவதில்லை என்று முகாமில் எல்லாருக்கும் தெரியும்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை லூக்கா 13 ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதிலும் சொல்கிறார். உமது வரம்புக்கு அங்காலே இருக்கிற வயலையும் அதே வெள்ளம்தானே மூடியிருக்கும். அந்த வயல்காரர் எந்தக் கரோல் காசைத் தொட்டார்? துன்பத்துக்குள் தேவன் எனக்கு இதைக் கற்றுத்தந்தார் என்று பட்டவர் தன் வாயால் சொல்லலாம். பக்கத்தில் நிற்கிறவர் அவரைப் பார்த்து அதைச் சொல்வதற்கு இடமில்லை. ஆகவே மூப்பர் சொன்ன அந்தப் பகுதியை நீர் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

சரி, இனிக் கணக்கு. இது உமக்குத்தான் தம்பி.

"சபைக்குத்தானே வாங்கினேன்" என்று எழுதியிருக்கிறீர். நம்புகிறேன். ஆனால் நீங்கள் முற்றத்தில் நின்று பாடியபோது, சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து 100 ரூபாத் தாளை எடுத்துத் தந்த ஆச்சிமார் இருந்திருப்பார்களே. அந்தக் காசு என்னவாயிற்று என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. பவுல் எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகக் காசு சேர்த்தபோது, அதைத் தனியாளாகக் கையாளவில்லை. தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காயிருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8 இல் காரணமும் எழுதினார். அப்போஸ்தலனுக்கே அந்த எச்சரிக்கை வேண்டியிருந்தது.

மூப்பர் உம்மைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். மத்தேயு 18 அதைத்தான் முதற்படியாக வைக்கிறது. எல்லாருக்கும் முன்னால் கேட்டது உமக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. ஆனாலும், நெல்லோடு நெல்லாய் நிற்கிற புல்லை நாள் முழுக்க வயலில் நிற்கிற உமது கண் தவறவிடும், வரம்பால் போகிறவர் காட்டித் தருவார். அவர் சத்தம் போட்டுக் காட்டினார் என்பதற்காக அந்தப் புல்லை விட்டுவைப்பீரோ? பேதுருவுக்கும் இது நடந்தது. யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகியதால், அந்தியோகியாவில் எல்லாருக்கும் முன்பாகப் பவுல் அவரைக் கண்டித்தார். அதே பேதுருவின் இரண்டாம் நிருபம் முடிகிற இடத்தைப் பாரும். "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

சிட்சை அந்த நேரத்தில் துக்கமாய்த்தான் காணும், பிற்காலத்தில் "அதில் பழகினவர்களுக்கு" சமாதான பலனைத் தரும் என்கிறது எபிரெயர் 12. பழகுவதற்கு ஆள் அங்கே நிற்க வேண்டும் அல்லவா? நீர் வீட்டில் இருந்துவிட்டால் யாரிடம் பழகுவீர்? உம்மோடு கரோல் பாடிய சின்னப் பிள்ளைகளும், பிழையைச் சொன்னால் கோயிலை விட்டுப் போகலாம் என்று உம்மைப் பார்த்துப் பழகிவிடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஒரு கொப்பி எடும். எந்த நாள், எந்தப் பகுதி, எவ்வளவு சேர்ந்தது, ஸ்பீக்கர் என்ன விலை, மிச்சம் எவ்வளவு என்று எழுதும். ஞாபகத்தில் இல்லாத தொகையை ஊகித்து எழுத வேண்டாம், ஞாபகமில்லை என்றே எழுதும். கூடப் பாடிய இருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கும். அப்புறம் ஒரு பின்னேரம் மூப்பர் வீட்டுக்குத் தனியாகப் போம். போனில் வேண்டாம், நண்பர்களைக் கூட்டிக்கொண்டும் போக வேண்டாம். கொப்பியைக் கொடுத்து, "ஐயா, கேட்டுவிட்டு வாங்கியிருக்க வேணும், என்னில பிழை" என்று சொல்லும். அதைச் சொல்லி முடித்த பிறகு வயலைப் பற்றியும் சொல்லும்: "நீங்கள் அப்பிடிச் சொன்னது எனக்கு நல்லா நொந்தது ஐயா." திருத்தம் மூப்பருக்கும் தேவைதான். கலாத்தியர் 6 சொல்கிற சாந்தத்தோடு அவருக்கு அதை எடுத்துச் சொல்ல இப்போது உம்மை விட்டால் ஆளில்லை. கேட்காவிட்டால் அடுத்த முறை போதகரையும் கூட்டிக்கொண்டு போம்.

ஸ்பீக்கர் வாங்கிய பற்றுச்சீட்டு தொலைந்திருந்தால் கடையில் கேட்டு இன்னொரு பிரதி எடும். மூப்பர் வீட்டுக்குப் போக முதல் அதைக் கொப்பியில் ஒட்டிவிடும்.