அந்த அபராதத்தைக் கட்டிவிடாதீர்கள்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): மதுரைக்கு வடக்கே ஒரு கிராமம் எங்களுக்கு. என் அண்ணன் கொலை முயற்சி வழக்கில் ஏழு வருடத் தண்டனை பெற்று, தண்டனைக் கழிவு போக மீதியை மதுரை மத்திய சிறையில் கழித்துவிட்டு, இரண்டு வருடம் முன்பு வெளியே வந்தார். ஆடு வளர்க்கிறார், கிடைத்த கூலி வேலைக்குப் போகிறார். திருவிழா, தேர்தல் என்றால் ராத்திரியில் போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. ரவுடி லிஸ்டில் பெயர் இருக்கிறதாம். அண்ணன் மகளுக்கு வந்த சம்பந்தம் இரண்டு முறை தட்டிப்போனது. தை மாதம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீசுக்குக் கூட்டிப்போய், ஒரு வருடம் தகராறு செய்யமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்றார் ஏட்டு. பங்குனியில் வரப்புத் தகராறு ஒன்றில் பக்கத்துத் தோட்டக்காரர் புகார் கொடுத்து ஒரு சின்ன கேஸ் ஆகியிருக்கிறது; அபராதம் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார்கள். இப்போது ஆர்.டி.ஓ.விடமிருந்து மறுபடி சம்மன். இன்ஸ்பெக்டர் மீது மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாமா? நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் போலீசைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் கண் நின்றது கடைசி அரைப் பக்கத்தில், நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இரண்டு வரியில். தை மாதக் கையெழுத்து, பங்குனி மாதக் கேஸ். இந்த இரண்டும் சேர்ந்தால் உங்கள் அண்ணன் வருகிற தை வரைக்கும் உள்ளே இருக்க நேரலாம். அதற்கு முன்னால் மற்றதெல்லாம் அப்புறம்தான்.

மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். போகலாம், இப்போது வேண்டாம். ரவுடி பட்டியலில் இருந்து பெயரை எடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், போலீசுக்கு உத்தரவிடக் கேட்டு ரிட் மனு போடலாம். ஆனால் புதிதாக ஒரு கேஸ் நிலுவையில் இருக்கும்போது போட்டால், அரசு வக்கீல் அந்த கேஸைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். சம்பந்தம் தட்டிப்போனதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை.

கையெழுத்துக்கு வருவோம். அது ஸ்டேஷனில் தினசரி போடும் ஆஜர் கையெழுத்து இல்லை. பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின் கீழ், அதாவது பழைய சட்டத்தின் 107-இல், அமைதி காப்பதற்கு எழுதிக் கொடுத்த பிணைப் பத்திரமாக அது இருந்தால், மீறியதாக நிரூபணமானால் மீதிக் காலம் முழுவதும் சிறை என்கிறது 141(1)(பி), பழைய 122. உங்கள் கணக்கில் மீதி எட்டு மாதம் இருக்கிறது. பத்திரம் 129-இல், பழைய 110-இல், எழுதி வாங்கிய நன்னடத்தைப் பத்திரமாக இருந்தால் நிலைமை வேறு. அந்தச் சிறைப் பிரிவு பேசுவது அமைதிப் பத்திரத்தைப் பற்றி மட்டும்தான். எந்தப் பிரிவு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அண்ணனுக்கும் தெரிந்திருக்காது. கையெழுத்துப் போட்ட ஆளிடம் நகல் கொடுத்து அனுப்பிய ஆபீஸை நான் இன்னும் பார்க்கவில்லை.

பத்திரம் வாங்குவதற்கு முன் 130-இன்படி எழுத்தில் உத்தரவு, அதன் பிறகு விசாரணை, அதன் பிறகு 136-இல் இறுதி உத்தரவு இருக்க வேண்டும். பல கோப்புகளில் இதில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும். விசாரணை நடக்கும்போதே இடைக்காலமாக வாங்கிய பத்திரம் என்றால், அதை வைத்து 141-இல் உள்ளே தள்ள முடியாது. போதாதற்கு, மீறியவரை நிர்வாக மாஜிஸ்திரேட்டான ஆர்.டி.ஓ. தானே சிறைக்கு அனுப்ப முடியாது, நீதித்துறை மாஜிஸ்திரேட் முன்னால்தான் போக வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. இவ்வளவும் உங்கள் பக்கம் இருக்கிறது. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் அண்ணன் தனியாகப் போய் நின்றால் எதுவும் உதவாது.

நான் பார்த்த ஆட்கள் கவிழ்ந்த இடம் வேறு. செங்கல் சூளையில் லோடு ஏற்றும் ஒருவர், இதே மாதிரி சிறை மீண்டு பத்திரம் எழுதிக் கொடுத்தவர், சின்ன அடிதடி கேஸில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனார். ஒருநாள் கூலி போகிறதே என்று யாரோ சொன்ன யோசனையில் ‘ஒப்புக்கொள்கிறேன் ஐயா’ என்று சொல்லி ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டினார். அவர் கணக்கில் தொல்லை முடிந்தது. சட்டத்தின் கணக்கில், பத்திரத்தை மீறினேன் என்று தன் வாயாலேயே சொல்லிக் கோர்ட் முத்திரையும் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் பத்திரக் கோப்பில் அந்தத் தீர்ப்பு நகலைத்தான் முதல் தாளாக வைத்தார்கள். என்னிடம் வந்தபோது அவர் மனைவிதான் வந்தார். அவர் உள்ளே போய் இருபது நாள் ஆகியிருந்தது.

ஆகவே உங்கள் அண்ணனுக்குச் சொல்லிய ‘அபராதம் கட்டினால் முடிந்துவிடும்’ என்ற யோசனைதான் இந்த விவகாரத்திலேயே ஆபத்தானது. சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

சமாதானம் வேறு. பிஎன்எஸ் என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் காயம் 115(2), மிரட்டல் 351(2) இரண்டையும் புகார்தாரர் ஒத்துக்கொண்டால் சமரசமாக முடிக்கலாம். அதற்குச் சட்டப்படி விடுதலையின் பலன் உண்டு. ஆனால் நம்மூர் எஃப்ஐஆரில் கெட்ட வார்த்தைக்கான 296(பி), பழைய 294(பி), தாளிப்புக் கறிவேப்பிலை மாதிரி தவறாமல் விழுந்திருக்கும். அது சமரசத்துக்கு உரிய பட்டியலில் இல்லை. அது இருந்தால் இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனுவோடு மதுரைக் கிளையில் பிஎன்எஸ்எஸ் 528-இன் கீழ் வழக்கையே ரத்து செய்யக் கேட்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி வைத்துக்கொண்ட தாளைக் கோர்ட் மதிக்காது.

அதற்குத் தோட்டக்காரர் ஒத்துவர வேண்டும். அவர் வரப்பை இரண்டடி வெட்டிக்கொண்டார் என்கிறீர்கள். உண்மையாகவே இருக்கலாம். விட்டுக் கொடுங்கள். சர்வே போட்டு மீட்க வேண்டுமானால் அடுத்த தைக்குப் பிறகு சிவில் கோர்ட்டில் மீட்டுக்கொள்ளலாம். பதிலுக்கு அவர் மேல் நீங்களும் ஒரு புகார் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அது வேண்டவே வேண்டாம். இரு தரப்புத் தகராறு என்று கோப்பு இன்னும் தடிமனாகும்; மாட்டுவது பழைய தண்டனை உள்ளவர்தான்.

சம்மனுக்குப் போகாமலும் இருக்கக் கூடாது, வாரன்ட் வரும். போகிற இடத்தில் ‘கோபத்தில் கை ஓங்கிட்டேன், மன்னிச்சிருங்க’ என்று அண்ணன் சொல்லக் கூடாது. சிறையில் ஐந்து வருடம் அதிகாரியிடம் அப்படியே பேசிப் பழகியவருக்கு இது கஷ்டம், தெரிகிறது. ஆனாலும் வாயைத் திறப்பது வக்கீலாக இருக்கட்டும். செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.

சம்மன் தேதிக்குக் காத்திருக்காமல் நாளைக்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் பத்திரம், அதற்கு முந்தைய உத்தரவுகள் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனு கொடுத்து, மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். சிறை விடுதலைச் சான்றையும் எடுத்து வையுங்கள். அதில் தண்டனை முடிந்து விடுதலை என்று இருக்கிறதா, அரசின் நிபந்தனையோடு கூடிய முன்விடுதலையா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் சமரசப் பேச்சைக்கூட வக்கீல் இல்லாமல் தொடங்காதீர்கள்.