அயர்லாந்தின் மேற்குக் கரையில் கூடாரத்துடன் பத்து நாள் கார்ப் பயணம்: எல்லா இரவுகளுக்கும் இப்போதே இடம் பதிவு செய்யலாமா?

வேண்டாம். வந்து இறங்கும் இரவு, விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு, இவற்றுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். ஆகஸ்ட் முதல் திங்கள் அங்கே விடுமுறை. அந்த வார இறுதி உங்கள் பயணத்தில் வந்தால் அதற்கும் சேர்த்து. மற்ற இரவுகளைக் காற்றின் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

அயர்லாந்து என்றதும் எல்லோரும் மழையைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். ஓரளவு நல்ல கூடாரம் மழையைத் தாங்கிவிடும். கூடாரத்தின் கம்பியை வளைப்பது அட்லாண்டிக்கிலிருந்து வீசும் தென்மேற்குக் காற்று. அதனால் தினமும் மாலையில் மெட் ஏரன் என்ற அந்நாட்டு வானிலை மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, மறுநாள் எங்கே என்று முடிவு செய்யுங்கள். மஞ்சள் எச்சரிக்கை என்றாலே கடலோரத் திடலை விட்டு உள்ளே தள்ளிப் போய்விடுவது என் வழக்கம்.

கின்சேலிலிருந்து மாலின் முனை வரை பத்து நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2014இல் வைல்ட் அட்லாண்டிக் வே என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் பாதை ஏறத்தாழ 2,500 கி.மீ. நீளம். பல இடங்களில் ஒரு வண்டிதான் போக முடியும். இருபுறமும் வேலிச்செடி, எதிரே டிராக்டர் வந்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும். வரைபடம் இரண்டு மணி நேரம் என்றால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கெர்ரி, கிளேர், மேயோ என்ற மூன்று மாவட்டங்களோடு நிறுத்தினாலே பத்து நாளும் நிறைந்துவிடும்.

நானும் தங்கையும் போனபோது எங்கள் பட்டியலின் தலையில் இருந்தது ஸ்கெலிக் மைக்கேல் தீவு. கரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் கடலில் நிற்கும் பாறை அது. உச்சியில் பழைய துறவிகளின் கல் குடில்கள். அலை எழும்பினால் படகு அங்கே அணைய முடியாது. படகு புறப்படும் போர்ட்மகீ ஊரில் காலை எழுந்ததும் படகுக்காரரின் செய்தி வந்திருந்தது: இன்று இல்லை. இது அடிக்கடி நடப்பதுதான். டிக்கெட் பணம் திரும்ப வந்துவிட்டது. தங்கைக்குத்தான் முகம் விழுந்துவிட்டது.

ஊரிலிருந்து பாலத்தைக் கடந்தால் வாலன்ஷியா தீவு. 1866இல் அட்லாண்டிக்கின் அடியில் நிலைத்து வேலை செய்த முதல் தந்திக் கம்பி புறப்பட்ட இடம் என்று அதைத் தெரிந்து வைத்திருந்தோம். ஆனால் எங்களை நிறுத்தி வைத்தது வடகரையில் இருந்த ஒரு பாறை. நீரிலிருந்து நிலத்துக்கு வரத் தொடங்கிய நாலுகால் விலங்கு ஒன்று, சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் சேற்றில் நடந்த தடங்கள் அதில் இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பள்ளங்கள், இரண்டு வரிசையாக. மழைநீர் தேங்கி நின்றதால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வெயில் நாளாக இருந்திருந்தால் பாதியைத் தவறவிட்டிருப்போம். படகு போயிருந்தால் இங்கே வந்தே இருக்க மாட்டோம்.

அன்று மாலையே காற்று எச்சரிக்கை. அடுத்துப் போக நினைத்த டிங்கிள் தீபகற்பத்தை விட்டுவிட்டு, டார்பர்ட்டில் காரோடு படகேறி ஷானன் ஆற்றைக் கடந்து கிளேருக்குப் போனோம். இருபது நிமிடக் கடப்பு. லிமெரிக் வழியாகச் சுற்றும் நெடுந்தூரம் மிச்சம். முன்பதிவும் தேவையில்லை, திட்டம் மாறும் பயணத்துக்கு இதைவிட வசதி கிடையாது. கிளேரின் பரன் பகுதியில் மண் மெல்லியது, கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. கூடார முளை இரண்டு விரல் ஆழம் இறங்கியதும் டங்கென்று நிற்கும். தடித்த இரும்பு முளையும் சிறு சுத்தியலும் காரில் இருக்கட்டும்.

கண்ட இடத்தில் கூடாரம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்காட்லாந்தில் இருக்கும் உரிமை இங்கே இல்லை. நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். கில்லார்னி தேசியப் பூங்காவுக்குள் கூடாரமே கூடாது. வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் பல விவசாயிகள் சரி என்பார்கள், ஆனால் நாயைக் கட்டாமல் விடாதீர்கள், வாயிற்கதவைத் திறந்தபடி போட்டுவிட்டும் போகாதீர்கள். இன்னொன்று: காற்றே இல்லாத கோடை மாலை என்று கொனமாராவில் மகிழ்ந்துவிட வேண்டாம். மிட்ஜ் என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத, கடிக்கும் பொடிப் பூச்சிகள் மொய்க்கும். தலைக்கு மாட்டும் வலை வாங்கிக்கொள்ளுங்கள்.

காரா, உள்ளேயே படுத்துத் தூங்கும் கேம்பர் வேனா என்ற குழப்பத்துக்கு என் பதில் கார்தான். டிங்கிளுக்கு மேலே போகும் கானர் கணவாயில் 2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை.