போனில் 90, லேப்டாப்பில் 35: வைஃபை வேகம் எங்கே போகிறது?

"வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. போனில் பார்த்தால் 90 வருகிறது, அதே மேசையில் இருக்கும் லேப்டாப்பில் 35ஐத் தாண்டவில்லை. புது லேப்டாப்தான் வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். போனில் 90 வருகிறதென்றால் லைனில் கோளாறு இல்லை, ஆளை வரச்சொல்லியும் பயனில்லை. லேப்டாப் எந்த அலைவரிசையைப் பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், வைஃபை, அப்புறம் உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போனால் நெட்வொர்க் பேண்ட் (அலைவரிசை), லிங்க் ஸ்பீட் (ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே உள்ள வேகம்) இரண்டும் தெரியும். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ், 72 எம்பிபிஎஸ் என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது: பழைய 'என்' வகை வைஃபையில் ஒரே ஆன்டெனா உள்ள வைஃபை கார்டு 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில் (அலைவரிசைக்குள் இருக்கும் ஒரு தடத்தில்) தொடும் உச்சமே அவ்வளவுதான், அதிலும் ஏறக்குறைய பாதிதான் நம் கைக்கு வந்து சேரும். உங்கள் 35 அங்கிருந்துதான் வருகிறது. அடுக்குமாடி வீடு என்றால் இன்னும் மோசம், 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று, அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதற்குள்ளேதான் முட்டிக்கொள்கின்றன.

இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். 'என்'னுக்கு அடுத்து வந்த 'ஏசி' வகை வைஃபையில் ஒற்றை ஆன்டெனா கார்டுக்கே அங்கே 433 வரை லிங்க் கிடைக்கும். ரவுட்டர் இரண்டு பெயர் காட்டினால் 5 உள்ளதைத் தேர்ந்தெடுத்து, பழையதை ஃபர்கெட் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் லேப்டாப் திரும்பவும் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே பெயர்தான் என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் 'ப்ரிஃபர்டு பேண்ட்' இருக்கிறதா பாருங்கள், பல கார்டுகளில் இருக்கும். போனுக்குத் தெரியும் 5 பெயர் லேப்டாப்பில் வரவே இல்லையா, பெரும்பாலும் கார்டுக்கே அந்த வசதி இல்லை என்று அர்த்தம். அதற்கும் லேப்டாப்பை மாற்ற வேண்டாம், இரண்டு அலைவரிசையையும் பிடிக்கும் ஒரு டூயல் பேண்ட் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் போதும்.

ஒரு விஷயம், 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் இளைத்துவிடும். ரவுட்டருக்கும் மேசைக்கும் நடுவே இரும்பு பீரோ நின்றால் ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள்.

2.4இலேயே இருக்க வேண்டிய நிலை என்றால், யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். அதன் கேபிளும் போர்ட்டும் கிளப்பும் இரைச்சல் சரியாக அந்த அலைவரிசையில்தான் விழுகிறது. என் மேசையில் பேக்கப் ஓடும்போதெல்லாம் நெட் படுத்துவிடும், டிஸ்க்கை நீளமான கேபிளில் தள்ளி வைத்த பிறகுதான் சரியானது.