பிரஷர் வாஷரின் எஞ்சின் நன்றாக ஓடியும் தண்ணீர் அழுத்தமின்றி விட்டுவிட்டு வருவது ஏன்? பழுது எஞ்சினிலா, பம்பிலா?

பெட்ரோல் எஞ்சின் உடனே உயிர்பெறுகிறது, ஆனால் டிரிகரை அழுத்தினால் தண்ணீர் துடித்துத் துடித்து வருகிறது, டிரிகரை விட்டால் எஞ்சின் திணறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த அறிகுறிகளைக் கொண்டு கார்புரேட்டரையோ பம்பையோ உடனே கழற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இத்தகைய பழுதுகளில் பெரும்பாலானவை தண்ணீர் உள்ளே நுழையும் வழியிலோ வெளியேறும் முனையிலோதான் இருக்கின்றன.

இவ்வகை இயந்திரத்தின் பம்பு தள்ளுவது ஒரு குறிப்பிட்ட அளவுத் தண்ணீரை மட்டுமே; அந்தத் தண்ணீர் துப்பாக்கி முனையில் உள்ள நாசிலின் சிறு துளை வழியே நெருக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருப்பதால்தான் அழுத்தம் உண்டாகிறது. ஆகவே உள்ளே வரும் தண்ணீர் குறைந்தாலும், நாசிலின் துளை தேய்ந்து பெரிதானாலும், பம்பு எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அழுத்தம் எழாது. முதலில் குழாய்நீரை அளந்து பாருங்கள். உங்கள் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவை என்றால், அதே ஹோஸின் முனையில் பிடிக்கும் 20 லிட்டர் வாளி இரண்டு நிமிடத்துக்கு முன்பாகவே நிரம்ப வேண்டும். அடுத்து, பம்பின் நுழைவாயிலில் உள்ள சல்லடை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். இணைப்பின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அதன் வழியே காற்று உறிஞ்சப்பட்டு, நீங்கள் சொல்லும் அதே துடிப்பு தோன்றும். எஞ்சினை இயக்குவதற்கு முன் குழாயைத் திறந்து, டிரிகரை அழுத்திப் பிடித்து, காற்று முழுவதும் வெளியேறித் தண்ணீர் சீராக வரும்வரை காத்திருப்பது அவசியம். நாசிலை மெல்லிய கம்பியால் துப்புரவு செய்தும் பயனில்லை என்றால், அதே எண் கொண்ட புதிய நாசிலை மாட்டிப் பாருங்கள். பம்பைத் திறப்பதோடு ஒப்பிட்டால் அது மிக எளிய, மலிவான சோதனை.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அன்லோடர் வால்வைச் சந்தேகிக்கலாம். டிரிகரை விட்டவுடன் தண்ணீரைப் பம்புக்குள்ளேயே சுற்றவிட்டு எஞ்சினின் சுமையைக் குறைப்பது இதன் வேலை. உப்புப் படிந்து இது மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் டிரிகரை விடும்போது எஞ்சின் திணறி நிற்கும்; திறந்த நிலையில் சிக்கினால் அழுத்தமே வராது. டிரிகரை அழுத்தும்போது எஞ்சினின் ஒலி கனத்து இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஒலி மாறவே இல்லை என்றால் பம்பின் மீது சுமை ஏறவில்லை. தண்ணீர் உள்ளே வரவில்லை, அல்லது உள்ளேயே சுற்றுகிறது, அல்லது தேய்ந்த நாசில் வழியே தடையின்றிப் போகிறது. வால்வைக் கழற்றி, உப்பை நீக்கி, ஓ-ரிங்குகளை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை) மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவிப் பொருத்தினால் பல வேளைகளில் போதும். அழுத்தத்தைக் கூட்டுவதற்காக அதன் திருகை இறுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பழுதை அது தீர்ப்பதில்லை, ஹோஸையும் சீல்களையும் மட்டுமே ஆபத்துக்குள்ளாக்குகிறது.

துடிப்பு ஒரே தாளத்தில், ஹோஸ் உதறும்படி வந்தால், பம்பின் உள்வரும் அல்லது வெளியேறும் வால்வுகளில் ஒன்றில் மணல்துகள் சிக்கியிருக்கக்கூடும். பம்புக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து தண்ணீரைத் தள்ளும் தண்டுகளான மூன்று பிளஞ்சர்களில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் இப்படி ஆகும். மூடிகளைத் திறக்கும்போது ஸ்பிரிங்கும் வால்வு அமரும் இருக்கையும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பம்பின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் சீல்கள் தேய்ந்திருக்கும்.

எஞ்சின் பக்கம் ஒன்றை மட்டும் பாருங்கள்: அதன் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்து, சோக்கைப் பாதி இழுத்தவுடன் சீராகிறது என்றால், பழைய பெட்ரோலின் பிசின் கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் சிறு துளையான ஜெட்டை அடைத்திருக்கலாம், அல்லது கார்புரேட்டர் கேஸ்கெட்டின் வழியே காற்று புகலாம்.

எதைக் கழற்றுவதாக இருந்தாலும் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் வயரை விலக்கி, குழாயை மூடி, டிரிகரை அழுத்தி எஞ்சிய அழுத்தத்தை விடுவித்த பின்னரே கை வையுங்கள். ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. இந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே சென்றால், வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயமாகவே அதைக் கருத வேண்டும்.

பிளஞ்சர்களிலேயே கீறல் விழுந்திருந்தால் புதிய சீல்களும் விரைவில் கசியும். அப்போது பம்பையே மாற்றுவது நல்லது. எஞ்சின் தண்டின் விட்டம், அது கிடைமட்டமா செங்குத்தா என்பது, நிமிடத்துக்கான லிட்டர் அளவு ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.